அஞ்சு பேரைச் சேர்த்தால் போன் சும்மா: காசு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் பாளையங்கோட்டையில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஒரு வெப்சைட்டில் சேர்ந்திருக்கிறான். அவன் ஒரு ‘ஆஃபர்’ முடிக்கணுமாம். பிறகு அஞ்சு பேரைச் சேர்த்து, அவர்களும் ஆளுக்கொரு ஆஃபர் முடித்தால் 12,000 ரூபாய் போன் சும்மா வீட்டுக்கு வருமாம். அவனுக்காக நான் ஷேர் வாங்கி வைக்கிற டிமேட் கணக்கு ஒன்று தொடங்கினேன். என் தங்கச்சி கிரெடிட் கார்டுக்கு எழுதிப்போட்டாள். மாடிவீட்டுப் பெண்ணும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஏதேதோ ஆப்பில் சேர்ந்தார்கள். இரண்டு மாசம் ஆச்சு, மூணு பேர் பெயருக்கு எதிரே இன்னும் ‘பெண்டிங்’ என்றே நிற்கிறது. சும்மா போன் கொடுத்தால் வெப்சைட்காரனுக்கு என்ன லாபம்? இது ஏமாத்து வேலையா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மேலப்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? தரகர் துண்டால் கையை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார். துண்டுக்குள் கை விட்டவர்களுக்குத் தொகை தெரியும். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. மாட்டுக்குச் சுத்தமாகத் தெரியாது. உங்கள் மகன் சேர்ந்த வெப்சைட் அந்தத் தரகர்தான். அங்கே விலை பேசப்படுவது போனுக்கு இல்லை, உங்கள் ஆறு பேருக்கு.

டிமேட் கணக்கு தொடங்கினீர்களே, அந்தக் கம்பெனி புது வாடிக்கையாளர் ஒருவரைக் கொண்டுவந்ததற்காக வெப்சைட்காரனுக்குக் கமிஷன் கொடுக்கும். கிரெடிட் கார்டுக்காரனும் கொடுப்பான், ஆப்காரனும் கொடுப்பான். டிவியில் விளம்பரம் போட்டு ஆள் பிடிப்பதைவிட இது அவர்களுக்கு மலிவு. ஆள் வந்த பிறகு காசு கொடுத்தால் போதும். அதில் தப்பும் இல்லை.

இனிமேல்தான் கணக்கு. புரிவதற்காக நானே சில எண்களைப் போட்டுக்கொள்கிறேன். ஆளுக்கு 1,500 ரூபாய் கமிஷன் என்றால் உங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து 9,000. போன் 12,000. அப்போது வெப்சைட்டுக்கு 3,000 நஷ்டம் இல்லையா? உங்கள் மகனை மட்டும் பார்த்தால் நஷ்டம்தான். அவனைப் போல பத்துப் பையன்கள் தொடங்குகிறார்கள். இரண்டு பேர் அஞ்சையும் முடிக்கிறார்கள். மற்ற எட்டுப் பேர் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு, சொந்தக்காரர்களிடம் திட்டு வாங்கி, பைய விட்டுவிடுகிறார்கள். முடித்த இருவர் வழியாக வந்தது 18,000. விட்டுப்போன எட்டுப் பேர், அவர்கள் சேர்த்த பதினாறு பேர், ஆக இருபத்துநாலு பேர் வழியாக 36,000. மொத்தம் 54,000. இரண்டு போனுக்கு 24,000 போனால் மிச்சம் 30,000. பாதியில் விட்டவனுடைய கமிஷனை வெப்சைட் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை. உங்கள் மகன் வாங்க நினைக்கிற போனின் விலையில் ஒரு பங்கை, முடிக்க முடியாமல் போன எவனோ ஒரு பேட்டைப் பையனின் சித்தப்பா கொடுத்திருப்பார்.

எல்லாருமே முடித்துவிட்டால்? முடியாது. ஒருவர் ஒருவரின் கணக்கில்தான் சேர முடியும். அதனால் அம்பாசமுத்திரம் முழுக்கச் சேர்ந்தாலும் அஞ்சில் ஒருவருக்கு மேல் போன் கிடைக்க வழியே இல்லை.

அடுத்து அந்த ‘பெண்டிங்’. இதே மாதிரி ஒரு சைட்டின் நிபந்தனைகளை, பக்கத்து வீட்டுப் பையன் போனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து படித்தேன். எறும்பு சைஸ் எழுத்து. ஒரே வீட்டில் ஒரு கணக்குதான் செல்லும். ஒரே போனிலோ ஒரே வைஃபையிலோ இரண்டு பேர் சேர்ந்தால் போலி என்று தள்ளிவிடுவார்கள். ஆஃபர் கொடுத்த கம்பெனியில் ஏற்கெனவே கணக்கு இருந்தால் செல்லாது. கார்டு அப்ரூவ் ஆகாவிட்டால் செல்லாது. முப்பது நாளுக்குள் ரத்து செய்தால் செல்லாது. நம் வீடுகளில் ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டால் வீடே அதில்தான் ஓடும். உங்கள் வீட்டிலும் நீங்கள், தங்கச்சி, மாடிவீட்டுப் பெண் மூவரும் மகன் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் சேர்ந்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். நிற்கிற மூணும் அதுவாகவே இருக்கும் என்பது என் சந்தேகம்.

இந்தத் தொழில் புதிதில்லை. 2004-இல் அமெரிக்காவில் கிராட்டிஸ் இன்டர்நெட் என்ற கம்பெனி இதே அஞ்சு பேர் கணக்கில், பாட்டுக் கேட்கிற ஐபாட் கருவியைக் கொடுத்தது. அப்போது ஐபாட் மினி விலை 249 டாலர். நிஜமாகவே பலருக்கு வீட்டுக்கு வந்தது, அதனால்தான் கூட்டம் கூடியது. ஆனால் 2006-இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அதன்மேல் வழக்குப் போட்டார். ‘உங்கள் விவரத்தை யாருக்கும் தரமாட்டோம்’ என்று சொல்லி வாங்கிய மின்னஞ்சல் முகவரிகளை விற்றுவிட்டது என்பது குற்றச்சாட்டு. அந்த விவகாரத்தில் முகவரிகளை வாங்கிய டேட்ரான் மீடியா என்ற மின்னஞ்சல் விளம்பரக் கம்பெனி 11 லட்சம் டாலர் கட்டிச் சமாதானமானது. ஆக கமிஷன் ஒரு வரும்படி, நம் பெயரும் நம்பரும் இன்னொரு வரும்படி. லோன் வேண்டுமா என்று நேரங்காலம் இல்லாமல் போன் வருகிறதா? நம்பர் கைமாறும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஏமாத்து வேலையா என்றால், கமிஷன் வாங்கிப் பரிசு கொடுப்பது ஏமாத்து இல்லை. ‘சும்மா’ என்று சொல்வதுதான் பொய். கையிலிருந்து காசு போகும்படியான ஒன்றை இலவசம் என்று விளம்பரம் செய்யக்கூடாது, விளம்பரத்துக்குப் பதில் போடவோ, பொருளைப் போய் எடுத்துக்கொள்ளவோ, வீட்டுக்கு வரவழைக்கவோ ஆகும் தவிர்க்க முடியாத செலவு மட்டும் விலக்கு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 விதிகள் சொல்கின்றன. சேருவதற்கே பணம் கட்டு, அடுத்தவன் கட்டினால் உனக்குப் பங்கு என்றால் அது வேறு சங்கதி. அதற்கு 1978-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

ஒரு சிக்கல் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலை கொடுத்தவர்தான் நுகர்வோர். பைசா கொடுக்காமல் சேர்ந்துவிட்டு ‘போன் தரவில்லை’ என்று நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். ஆஃபருக்காக 99 ரூபாய் கட்டியிருந்தால்கூட அந்த ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு மூணு பேரும் ஆஃபர் முடித்ததற்கான மின்னஞ்சலைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெண்டிங்குக்குக் காரணம் என்னவென்று எழுத்தில் கேட்கட்டும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். போன் வருகிறதோ இல்லையோ, உங்கள் டிமேட் கணக்கை மறந்துவிடாதீர்கள். வருடப் பராமரிப்புக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். வேண்டாமென்றால் ஆப்பை அழித்தால் போதாது, கணக்கையே முறைப்படி மூடவேண்டும். தங்கச்சி கார்டுக்கு விண்ணப்பித்ததும், நம் கடன் கணக்கைக் குறித்துவைக்கிற சிபிலில் பதிவாகியிருக்கும். வீட்டுக்கடன் வாங்கப்போகிறார் என்றால் இனி இப்படி எழுதிப்போட வேண்டாம்.

கேள்வி: இலவச வாட்சுக்காக ஒரு ரூபாய் கட்டி ஒரு ஆப்பில் சேர்ந்தேன். இப்போது மாதம் 499 ரூபாய் போகிறது. ஆப்பை அழித்தும் நிற்கவில்லை.
- தென்காசி

பதில்: அந்த ஒரு ரூபாய் கட்டும்போதே, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கிற ஆட்டோபேக்குச் சம்மதம் கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் பணம் அனுப்புகிற யுபிஐ ஆப்பைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வந்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. விளம்பர எஸ்எம்எஸ் கும்பலோடு அதையும் அழித்திருப்பீர்கள், நானும் அழிக்கிற ஆள்தான். ரத்து செய்யும் வழியை ஒளித்துவைத்துச் சந்தா கறப்பதை 2023-இல் வந்த விதிகள் தடை செய்திருக்கின்றன. போன பணத்துக்கும் 1915-இல் புகார் கொடுங்கள்.

கேள்வி: பெரிய நகைக்கடையின் ஆண்டுவிழாப் பரிசு என்று வாட்ஸப்பில் லிங்க் வந்தது. சக்கரம் சுற்றினேன், தங்கக்காசு விழுந்தது. இருபது பேருக்கு அனுப்பச் சொன்னது, அனுப்பினேன். பிறகு வேறு வேறு பக்கமாகத் திறக்கிறது.
- வள்ளியூர்

பதில்: இதில் நகைக்கடையும் இல்லை, தங்கக்காசும் இல்லை. அந்தச் சக்கரம் யார் சுற்றினாலும் பரிசில்தான் நிற்கும். திறக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் எவனுக்கோ விளம்பரக் காசு. ஓடிபியோ கார்டு நம்பரோ கொடுத்திருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். கொடுக்கவில்லையா, அந்த இருபது பேருக்கும் ‘அதைத் தொடாதீங்க’ என்று இப்போதே ஒரு வரி போட்டுவிடுங்கள். மன்னிப்பை நேரில் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.