குழந்தைக்கு ஞானஸ்நானம் தள்ளிப்போனால் இரட்சிப்பும் தள்ளிப்போகுமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஐந்து மாதம். நான் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவள்; கணவர் வீட்டார் பாப்டிஸ்ட் சபை. "ஜென்மப் பாவத்தோடு பிள்ளையை எத்தனை நாள் வைத்திருப்பாய்?" என்கிறார் அம்மா. "அவள் வளர்ந்து, விசுவாசித்து, தானே கேட்கட்டும்" என்கிறார் மாமியார். இதற்கிடையில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் கதி என்ன என்று நினைத்து இரவில் தூக்கமே வருவதில்லை. நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் அந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தை நரகத்துக்குப் போகும் என்று இந்த இரண்டு சபைகளுமே போதிப்பதில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் அப்படிப்பட்ட குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. "கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார்; ஆனால் அவர் தம் அருட்சாதனங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல" என்ற கருத்தும் (திருமுழுக்கு என்பது ஞானஸ்நானம்தான்; அது போன்ற திருச்சடங்குகளே அருட்சாதனங்கள்) அதே நூலில் இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் மோட்சமும் இல்லாமல் வேதனையும் இல்லாமல் இருக்கும் இடம் என்று பழைய தலைமுறை பயத்தோடு பேசிய 'லிம்போ' ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. 2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம் இதை ஆராய்ந்து, இக்குழந்தைகளின் மீட்புக்காக நம்பிக்கையோடு ஜெபிக்க நல்ல காரணம் உண்டு என்றது. ஆனால் அதைக் காட்டித் திருமுழுக்கைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. அந்த அளவில் உங்கள் அம்மா அவசரப்படுவது நியாயம்தான்.

சரி, அம்மாவின் பயம் எங்கிருந்து வந்தது? ரோமர் 5:12இல் மரணம் எல்லாருக்கும் வந்தது, "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" என்று நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அந்தப் 'படியால்' வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பவை இரண்டே சிறு சொற்கள், 'எப் ஹோ'. பழங்காலத் திருச்சபை ஆசிரியரான புனித அகுஸ்தீன் கையில் இருந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் அது 'அவனில்' என்று ஆகியிருந்தது. ஆதாமில் எல்லாரும் பாவம் செய்தார்கள், ஆகவே அவன் குற்றத்தில் பிறந்த குழந்தைக்கும் பங்குண்டு என்று அவர் அதை வாசித்தார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குத் தண்டனை உண்டு, ஆனால் அது மிக இலேசானது என்றும் எழுதினார். இந்த ஒரு சொல்லின் மேல்தான் அவர் எல்லாவற்றையும் கட்டினார் என்று நான் சொல்லவில்லை. "என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்" என்ற 51ஆம் சங்கீதமும் அவர் முன் இருந்தது. 418இல் கார்த்தேஜிலும் 1546இல் திரெந்திலும் கூடிய திருச்சபைச் சங்கங்கள் இந்த ஜென்மப் பாவப் போதனையை உறுதிசெய்தன. கிரேக்க மொழியிலேயே வாசித்த கீழைத் திருச்சபைகள் வேறு விதமாகப் புரிந்துகொண்டன: ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் சீர்கெட்ட நிலையும், அவன் குற்றமல்ல. ஆனாலும் அவர்களும் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், அன்றே திருவிருந்தும் கொடுக்கிறார்கள். குற்றம் கழுவப்படுவது மட்டுமே ஞானஸ்நானத்தின் பொருள் என்றால் அவர்கள் இதைச் செய்ய வேண்டியதே இல்லை.

மாமியார் பக்கம் வருவோம். பாவத்துக்குச் சாயும் சுபாவத்தோடுதான் பிள்ளை பிறக்கிறது என்பதைப் பெரும்பாலான பாப்டிஸ்டுகளும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் நன்மை தீமை அறிந்து தானே மீறும்போதுதான் கணக்குக் கேட்கப்படும் என்பார்கள். உபாகமம் 1:39இல் "நன்மை தீமை அறியாத" பிள்ளைகள் பெற்றோரின் குற்றத்துக்குத் தப்பி வாக்குத்தத்த தேசத்தில் நுழைகிறார்கள். அந்த வயது பன்னிரண்டு என்று சிலர் சொல்வார்கள். வேதத்தில் அப்படி ஒரு எண் இல்லை. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை விஷயத்தில் பிறந்தநாளை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது?

அப்புறம் தாவீது. கைக்குழந்தை நோயுற்றபோது ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசித்தவன், பிள்ளை செத்துப்போயிற்று என்று தெரிந்ததும் எழுந்து ஸ்நானம்பண்ணி, உடை மாற்றி, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து சாப்பாடு கேட்கிறான். வேலைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்கிறான். 'நானும் சாவேன்' என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை என்போரும் உண்டு. எனக்கு இது பிள்ளையை மறுபடி பார்ப்போம் என்று நம்பிய தகப்பனின் பேச்சாகவே படுகிறது.

இரட்சிப்பில் ஞானஸ்நானத்தின் இடம் என்ன என்பதில்தான் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் அது கிருபை கையில் கொடுக்கப்படும் வழி. பாப்டிஸ்டுகளுக்கு அது ஏற்கெனவே கிடைத்த கிருபைக்குக் காட்டும் கீழ்ப்படிதல். பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெறச் சொல்லும் அப்போஸ்தலர் 2:38ஐ முதல் தரப்பும், தண்ணீரைத் தொடுமுன்பே பரிசுத்த ஆவியைப் பெற்ற கொர்நேலியு வீட்டாரை இரண்டாம் தரப்பும் எடுத்துக்காட்டும். அதே கொர்நேலியு வீட்டாருக்குப் பேதுரு அப்போதே ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார் என்பதை இரு தரப்பும் கவனிக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கத்தோலிக்க முறைப்படி கலப்புத் திருமண அனுமதி பெற்றிருந்தால், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுத்திருப்பீர்கள். அந்த வாக்கு உங்கள் கணவருக்கும் அப்போதே தெரிவிக்கப்பட்டிருக்கும். பாட்டிமார் பேச்சுக்கு முன்னால் நீங்கள் இருவரும் உட்கார்ந்து அதைப் பேசுங்கள். பிள்ளை எந்தச் சபையில் வளரப் போகிறாள் என்று முடிவானால் ஞானஸ்நானத்துக்கும் விடை கிடைத்துவிடும். பிள்ளை அந்த விசுவாசத்தில் வளர்வாள் என்ற நியாயமான நம்பிக்கை இருக்கிறதா என்று பங்குத்தந்தையும் பார்ப்பார். கணவரின் சபைதான் என்று முடிவானால், உங்கள் வாக்கைப் பற்றிப் பங்குத்தந்தையிடம் ஒளிக்காமல் பேசுங்கள். அந்தச் சபையில் இப்போது பிள்ளையைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை ஜெபம் செய்வார்கள்.

இரண்டு வீட்டையும் திருப்திப்படுத்த இரண்டையும் செய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கத்தோலிக்கருக்கு ஞானஸ்நானம் வாழ்க்கையில் ஒரே முறை. பாப்டிஸ்ட் சபை குழந்தை ஞானஸ்நானத்தைக் கணக்கில் எடுக்காது. பிற்பாடு மறுபடி முழுக்குக் கேட்கும். நடுவில் மாட்டிக்கொள்வது உங்கள் மகள்தான். அம்மா யாருக்கும் தெரியாமல் பேத்தியின் தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கும் இடம் கொடுக்காதீர்கள். மரண ஆபத்து இல்லாதபோது பெற்றோர் சம்மதமில்லாமல் அப்படிச் செய்வதைக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே ஏற்பதில்லை.

உண்மையிலேயே மரண ஆபத்து வந்தால் குருவைத் தேடி ஓட வேண்டியதில்லை. திருச்சபை செய்வதைச் செய்யும் நோக்கத்தோடு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்: நர்ஸ், நீங்கள், உங்கள் கணவர்கூட. பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, பெயர் சொல்லி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன் என்று சொன்னால் போதும். ஒரு கரண்டித் தண்ணீர் போதும். அதற்கும் நேரமில்லாமல் போனால், இந்தப் பதிலின் முதல் பத்தியில் சொன்னது அப்போதும் மாறாது.