எந்த மரபைக் காப்பாற்றப் போகிறார்?

கேள்வி: எங்கள் பக்கத்துக் கல்லூரி விழாவுக்கு வந்த ஓர் அரசியல்வாதி, "கண்டிப்பான வீட்டில் அடி வாங்கி வளர்ந்தவன் நான். அந்த வளர்ப்புதான் என்னைப் பொதுச்சேவைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்குப் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் குடும்பங்கள் சீரழிகின்றன. நம் மரபைக் காப்பதுதான் என் அரசியல்" என்று பேசினார். அரங்கமே கைதட்டியது. என் மகனும் தட்டினான், நானும்தான். போன இதழில் அந்தப் பேச்சைக் கடுமையாக விமர்சித்து எழுதியிருந்தீர்கள். ஒழுக்கமாக வளர்ந்ததைச் சொல்வதும் மரபை மதிப்பதும் தப்பா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டுமே தப்பில்லை, அண்ணாச்சி. கைதட்டியதற்காக உங்களையும் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை எங்கே கெட்டுப்போய்விடுமோ என்று பயப்படாத தகப்பன் நம் ஜில்லாவில் கிடையாது. அந்தப் பயத்தைத் தொட்டுப் பேசினால் யாருக்கும் கை எழும்பத்தான் செய்யும். என் வருத்தம் வேறு. பொதுச்சேவைக்கு ஏன் வந்தேன் என்று சொன்னவர், வந்து என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. மரபைக் காப்பேன் என்றவர், எந்த மரபை என்று சொல்லவில்லை.

முதல் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பொதுச்சேவை என்றால் என்ன என்று பார்க்க, ஒரு திங்கட்கிழமை காலையில் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்வாருங்கள். குறைதீர்க்கும் நாள். பாலிதீன் கவருக்குள் பழைய மனுக்களின் ரசீதுகளை மடித்து வைத்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். பட்டா மாறவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, வாய்க்காலை அடைத்து வீடு கட்டிவிட்டார்கள் என்று ஆளுக்கொரு குறை. வாசலிலேயே போலீஸ் பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடும். அந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2017 அக்டோபரில் காசிதர்மத்தைச் சேர்ந்த கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண்குழந்தைகள் என்று ஒரு குடும்பமே அந்த வளாகத்தில் தீக்குளித்து மாண்டது. கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தது, மனுவும் இருந்தது. மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது என்ன ஆயிற்று?" என்று மேசை மேசையாகப் போய்க் கேட்க ஆள் இல்லை. அந்த ஆள்தான் பொதுச்சேவகர். அவர் சின்ன வயதில் அடி வாங்கி வளர்ந்தாரா, செல்லமாக வளர்ந்தாரா என்பது மனுக் கொடுக்க வந்தவருக்கு வேண்டாத சங்கதி.

பழமைப் பிடிப்புள்ளவர்களால் நல்ல பொதுவாழ்க்கை வாழ முடியாது என்று நான் சொல்லவே இல்லை. காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் நம் திருநெல்வேலிப் பேட்டையில் 1896-ல் பிறந்தவர். தொழுகை, நோன்பு, உடை எதிலும் மரபை விடாதவர். அவர் தலைமை தாங்கிய முஸ்லிம் லீக் ஒரு சமயத்தாரின் கட்சி. ஆனாலும் கேரளத்து மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 என்று மூன்று தேர்தல்களில் அந்தத் தமிழரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, பழைமைதான் அளவுகோல் என்றால் தமிழைத்தான் எடுக்க வேண்டும் என்று எழுந்து நின்று வாதாடியவர். கடைசிவரை எளிமையாக வாழ்ந்தார். எதிர்க்கட்சிக்காரர்களும் அவர் பேரில் ஒரு ரூபாய்ப் பழி சொன்னதில்லை.

நேர் எதிர்த் திசையில் இன்னொருவரைப் பாருங்கள். 1924-ல் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த நல்லகண்ணு கம்யூனிஸ்ட். பழமை பேசுகிறவர்கள் அவரைத் தங்கள் ஆள் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். 2022-ல் தமிழக அரசு 'தகைசால் தமிழர்' விருதோடு பத்து லட்சம் ரூபாய் கொடுத்தபோது, கையிலிருந்து ஐயாயிரம் சேர்த்து அப்படியே முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய், 2010-ல் ஐந்து வருஷத்துக்குத் தடை வாங்கினார். அடுத்தவன் காசைத் தொடாதே, ஆற்றைக் கெடுக்காதே என்பவை எந்தப் பாட்டியும் பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடங்கள்தான். அவை எந்தக் கட்சியின் சொத்தும் இல்லை. காமராஜரின் தாயாரைப் பற்றிய கதைகள் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சரி, மரபுக்கு வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் வழியில்தான் சேரன்மகாதேவி. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே வ.வே.சு. ஐயர் தமிழ்க் குருகுலம் நடத்தினார். ஐயர் லேசுப்பட்ட ஆளில்லை. லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போய், வெள்ளைக்கார அரசுக்கு அஞ்சாமல் எல்லாவற்றையும் விட்டு வந்தவர். தேசத்துக்கு நல்ல பிள்ளைகளை வளர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. காங்கிரஸ் நிதி கொடுத்தது, எல்லாச் சாதிக்காரர்களும் நன்கொடை கொடுத்தார்கள். அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. விஷயம் வெளியே வந்து தமிழ்நாடே கொதித்தது. அப்போது காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். ஐயர் சொன்ன சமாதானம்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அவருக்குத் தனிப்பட்ட முறையில் சேர்ந்து சாப்பிடுவதில் ஆட்சேபம் இல்லை. இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் தனியாகத்தான் சாப்பிட வைக்க வேண்டும் என்று கேட்டார்கள், அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். சமாதானம் செய்ய காந்தி வரைக்கும் போனார்கள். 1925-ல் ஐயர் பொறுப்பை விட்டு விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசத்தில், கல்யாண தீர்த்தத்தில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். பிள்ளைக்காக உயிரைக் கொடுத்த மனிதர் அவர். அவர் பிள்ளைப் பாசத்தையோ தேசப்பற்றையோ யாரும் சந்தேகிக்க முடியாது. அப்படிப்பட்டவரையே 'எங்கள் வீட்டு வழக்கம்' என்ற ஒரு பேச்சு தோற்கடித்துவிட்டது.

அதே தாமிரபரணிச் சீமையில், அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே வேறொரு வீடு இருந்தது. ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வீடு. பணக்கார வக்கீல் குடும்பம், சைவ ஆசாரம். பார்வையில்லாத இராமையா தேசிகர் என்ற துறவியை வ.உ.சி. வீட்டோடு வைத்து ஆதரித்தார். தேசிகர் தாழ்ந்த சாதியில் பிறந்தவர் என்று அக்கம்பக்கத்தில் பேச்சுக் கிளம்பியது. மனைவி வள்ளியம்மை என்ன நினைப்பாரோ என்று வ.உ.சி. தயங்கியபோது, அந்த அம்மாள் தயங்கவில்லை. தன் கையாலேயே அவருக்குச் சோறு பரிமாறினார். கப்பல் விட்டது, நாற்பது வருஷத் தண்டனை பெற்றது, செக்கிழுத்தது எல்லாம் பிறகு வந்தவை. அந்த அம்மாள் அவற்றைப் பார்க்க உயிரோடு இல்லை.

இரண்டுமே நம் மரபு, அண்ணாச்சி. இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் கேட்டார்கள், இரண்டிலும் சாமி கும்பிட்டார்கள். ஒரு சமையலறையில் வரம்பு போட்டார்கள், இன்னொன்றில் அழித்தார்கள். மேடையில் நின்று 'மரபைக் காப்பேன்' என்கிறவர், இந்த இரண்டில் எதைக் காக்கப் போகிறார் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், கேட்கிறவன் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வான்.

எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். காமராஜர் ஆட்சியில் 1956-ல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது. அப்போது அது நம் ஜில்லாதான். 2023 செப்டம்பரில், அந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை. சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண், பெற்றோர் சாப்பிடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. தொகுதி எம்.பி. கனிமொழி நேரே போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். அவருடைய கட்சியின் மற்ற எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு உண்டா என்பது வேறு விஷயம். ஒரு மக்கள் பிரதிநிதி வளர்ப்பைப் பற்றி ஏதாவது செய்ய முடியும் என்றால் அது இதுதான். பசியோடு உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் பிள்ளைகள் வீட்டில் கற்றுக்கொண்டதைத்தான் அன்று செய்தார்கள். பெரியவர் சொல்லை மீறாத பிள்ளைகள், கட்டுப்பாடான பிள்ளைகள். கட்டுப்பாடு மட்டும் போதும் என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

பெரிய பிள்ளைகளைப் பாருங்கள். காலையில் பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் ஏறி, மேல் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைக் கவனியுங்கள். மணிக்கட்டில் இரண்டு நிறம் முறுக்கிய கயிறு இருக்கும். கோயில் கயிறு என்பார்கள். எந்த நிறம் எந்தச் சாதி என்பது அந்த வயதுப் பையன்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். யார் பக்கத்தில் உட்காரலாம், யாரை முறைக்கலாம் என்பது அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரை, கூடப் படித்த பையன்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வந்து, அடுத்த வருஷப் பரீட்சையில் 600-க்கு 469 வாங்கினான். எனக்குத் தெரிந்து வளர்ப்பு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் தடைசெய்யச் சொன்னது. அப்போது 'எங்கள் மரபில் கை வைக்காதே' என்றுதான் எதிர்ப்புக் குரல் கிளம்பியது.

கடைசியாக, பெண்பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னது. இதற்கு என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், பட்டப்பகலில், ஒரு ஐ.டி. இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண்ணின் தம்பிதான் வெட்டியதாக வழக்கு. பெண்ணின் பெற்றோர் இருவருமே போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர்கள். கண்டிப்புக்கு அந்த வீட்டில் பஞ்சம் இருந்திருக்குமா? அடங்காத பெண்களால் குடும்பம் சீரழிகிறது என்று நம் மண்ணில் வந்து ஒருவர் பேசினால், கேட்டுக்கொண்டிருக்கும் பையன்களில் ஒருவன் அதை அக்காவையோ தங்கையையோ காவல் காக்கும் உத்தரவாக எடுத்துக்கொள்வான். பேசியவர் அரிவாள் தூக்கச் சொல்லவில்லைதான். ஆனால் எந்த ஊரில் நின்று பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறவருக்கு ஓட்டுக் கேட்க யோக்கியதை இல்லை. 1895-லேயே பெண்களுக்கென்று பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி தொடங்கிய சீமை இது. பெண்ணைப் படிக்க அனுப்புவதும் இங்கே நூறு வருஷத்தைத் தாண்டிய மரபுதான்.

உங்கள் மகன் அவரை மறுபடி கேட்கப் போனால், கேள்வி நேரத்தில் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். உங்கள் தொகுதியில் கயிறு கட்டி வரும் பையன்களின் அப்பாக்களிடம் பேசியிருக்கிறீர்களா? அந்தச் சாதிச் சங்கக் கூட்டங்களில் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? காலை உணவு சமைக்கும் அம்மாவை மாற்றச் சொல்லி நாளை ஊர்க்காரர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன சொல்லி அனுப்புவீர்கள்? இந்த மூன்றையும் மரியாதையாக, 'ஐயா' போட்டே கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலை எழுதி அனுப்புங்கள். எதுவாக இருந்தாலும் ஒரு வார்த்தை வெட்டாமல் அடுத்த இதழில் போடுகிறோம்.