முகத்தில் வரும் மங்கு தோலை உரித்தால் போய்விடுமா? வைட்டமின் க்ரீம் என்ன செய்யும்?

கன்னம், நெற்றி, மேலுதட்டில் திட்டுத் திட்டாகப் படரும் பழுப்பு நிறத்தைத்தான் மங்கு என்கிறோம். மருத்துவத்தில் மெலாஸ்மா. தோலுக்கு நிறம் தரும் மெலனினை அங்குள்ள செல்கள் அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவை அவற்றைத் தூண்டிவிடுகின்றன.

கிளைகாலிக் அமிலம் போன்றவற்றால் மேல்தோலை மெல்ல உரிக்கும்போது அங்கே தேங்கிய நிறமும் உதிரும். ஆனால் கீழே சுரப்பு நிற்பதில்லை. கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பது போலத்தான். அந்த ஒழுகலைக் குறைக்கவே வைட்டமின்கள்: வைட்டமின் சி மெலனின் உற்பத்தியைத் தணிக்கும், பி3 வகையான நியாசினமைடு, உருவான நிறம் மேல்தோல் செல்களுக்குப் போவதைக் குறைக்கும். வைட்டமின் ஏ வகை ரெட்டினாய்டு, செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்பட உதவும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். என்னைக் கேட்டால், சன்ஸ்கிரீன் (வெயில் தடுப்பு அளவான எஸ்பிஎஃப் 30க்கு மேல்) போடாதவர் வைட்டமின் க்ரீமுக்கோ சீரத்துக்கோ செலவழிப்பது வீண். இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது.

மங்கு அழுக்கல்ல; எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டு அழுத்தித் தேய்த்தால் தோல் புண்ணாகி, நம் மாநிறத்தில் கருமை இன்னும் கூடும்.