இயங்குதளம் புதிது, அட்டை பழையது: இணைக் கணிப்பு டிரைவர்கள் பற்றிய கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குரலில் தொடங்குகின்றன: "இயங்குதளத்தை மேம்படுத்தினேன், மறுநாள் கணக்கீடு ஓடவில்லை." இங்கே ‘அட்டை’ என்பது, பல கணக்குகளை ஒரே நேரத்தில் இணையாகச் செய்யப் பயன்படும் வரைகலை அட்டை. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுமுன் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. நாம் ‘டிரைவர்’ என்று ஒரே சொல்லில் குறிப்பது உண்மையில் மூன்று அடுக்குகளைக் கொண்டது. அடியில் இருப்பது, இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலுக்குள் ஏறி அட்டையோடு நேரடியாகப் பேசும் மாட்யூல். அதற்கு மேலே, நம் நிரல்கள் அழைக்கின்ற டிரைவர் நூலகம். அதற்கும் மேலே, நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலரும் கணித நூலகங்களும் அடங்கிய டூல்கிட். என்விடியா அட்டைகளில் முதல் இரண்டும் ஒரே பதிப்பெண்ணோடு ஒன்றாகவே இருக்க வேண்டும். மூன்றாவது ஓரளவு தன் போக்கில் இருக்கலாம். எந்த அடுக்கு உடைந்தது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவதில்தான் பலருடைய வார இறுதிகள் போய்விடுகின்றன.

இன்னொன்று. அட்டையில் கணக்கிடுவதற்கான என்விடியாவின் மென்பொருளை (CUDA) உச்சரிப்புப்படி ‘கூடா’ என்று எழுதினால் ‘கூடாது’ பாதியில் அறுந்ததுபோல் தெரிவதால், இங்கே ‘கியூடா’ என்றே எழுதுகிறேன்.

கேள்வி: என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை கியூடா 12.4 என்கிறது, என்விசிசி கம்பைலரோ 11.8 என்கிறது. மேம்படுத்தல் பாதியில் நின்றுவிட்டதா? எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். முதல் கட்டளை காட்டுவது, நிறுவப்பட்டிருக்கும் டிரைவர் அதிகபட்சமாக எந்தக் கியூடா பதிப்பு வரை தாங்கும் என்பதை. உங்கள் கணினியில் டூல்கிட்டே இல்லாவிட்டாலும் அந்த எண் அங்கே தெரியும். இரண்டாவது காட்டுவது, உண்மையில் நிறுவப்பட்டிருக்கும் டூல்கிட்டின் பதிப்பை. புதிய டிரைவர் பழைய டூல்கிட்டில் உருவான நிரல்களை ஓட்டும் என்பதால் உங்கள் நிலைமையில் எந்தக் குறையும் இல்லை.

எண்கள் தலைகீழாக இருந்தால்தான் கவனம் தேவை. கியூடா 11 முதல் ஒரே தலைப்பெண்ணுக்குள் சலுகை உண்டு: லினக்ஸில் 11 வரிசைக்கு 450-ஆம் கிளை (பதிப்பு வரிசை) டிரைவரும், 12 வரிசைக்கு 525-ஆம் கிளையும், 13 வரிசைக்கு 580-ஆம் கிளையும் கீழ்வரம்புகள். அதாவது 525 டிரைவரை வைத்துக்கொண்டு 12.4 டூல்கிட்டில் உருவாக்கிய நிரலைப் பெரும்பாலும் ஓட்டிவிடலாம். ‘பெரும்பாலும்’ என்று நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. நிரலுக்குள் உங்கள் அட்டைக்கான இயந்திரக் குறிமுறை இல்லாமல் பிடிஎக்ஸ் என்னும் இடைநிலைக் குறிமுறை மட்டும் இருந்தால், அதை ஓட்டநேரத்தில் மொழிமாற்ற வேண்டியது டிரைவரின் வேலை. தன்னைவிடப் புதிய டூல்கிட் எழுதிய பிடிஎக்ஸ் பழைய டிரைவருக்குப் புரியாது. ஆகவே கம்பைல் செய்யும்போதே உங்கள் அட்டையின் கட்டமைப்பு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இரவில் தானியங்கிப் புதுப்பிப்பு நடந்திருக்கிறது. காலையில் ‘டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று வருகிறது. நான் எதையும் தொடவில்லை.

நீங்கள் தொடவில்லை, மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் பொதி மேலாளர் தொட்டிருக்கிறது. வட்டில் இருந்த டிரைவர் நூலகம் புதியதாக மாறிவிட்டது, நினைவகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் கெர்னல் மாட்யூல் நேற்றையது. இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன விதி இங்கேதான் மீறப்படுகிறது. புரோக் (/proc) கோப்பமைப்பில் என்விடியா டிரைவருக்கான ‘வெர்ஷன்’ கோப்பைத் திறந்தால் ஏறியிருக்கும் மாட்யூலின் எண் தெரியும். மாட்இன்ஃபோ கட்டளை வட்டில் இருப்பதன் எண்ணைச் சொல்லும். இரண்டும் வேறுபட்டால் நோய் உறுதியாகிவிட்டது.

மருந்து, கணினியை மறுதொடக்கம் செய்வது. அது இயலாத சர்வர் என்றால், அட்டையைப் பயன்படுத்தும் எல்லாச் செயல்களையும் நிறுத்திவிட்டு, யுவிஎம், டிஆர்எம், மோட்செட் என்னும் துணை மாட்யூல்களை முதலிலும் என்விடியா மாட்யூலைக் கடைசியிலும் இறக்கி, மறுபடி ஏற்றலாம். ஆனால் அதற்குமுன் ஒன்றைப் பாருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணக்கீடுகள் பழைய நூலகத்தையே நினைவகத்தில் பிடித்திருப்பதால் அவை பொதுவாகத் தடையின்றி ஓடும். புதிதாகத் தொடங்குபவை மட்டுமே தோற்கும். இது தெரியாமல் ஒருமுறை, மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்த கணக்கீட்டை நானே பதற்றத்தில் நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து என்விடியா பொதிகளைத் தானாகப் புதுப்பிக்கப்படாத ‘ஹோல்டு’ நிலையில் வைத்து, பராமரிப்பு நாளில் மட்டும் கையால் புதுப்பிக்கிறேன்.

கேள்வி: புதிய கெர்னலுக்கு மாறியதும் என்விடியா மாட்யூல் ஏற மறுக்கிறது. பழைய கெர்னலில் பூட் செய்தால் வேலை செய்கிறது. புதியதில் என்ன கெட்டுப்போனது?

எதுவும் கெட்டுப்போகவில்லை, லினக்ஸின் கொள்கையே அப்படி. பயனர் நிரல்களுக்கு அளித்த இடைமுகத்தை லினக்ஸ் உடைப்பதில்லை. ஆனால் கெர்னலுக்குள்ளே மாட்யூல்கள் அழைக்கும் செயற்கூறுகளுக்கு அத்தகைய வாக்குறுதி எதையும் அது தரவில்லை. கெர்னல் மூலத்துக்குள்ளேயே இருக்கும் டிரைவர்களை, மாற்றம் செய்பவரே சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியில் இருக்கும் டிரைவரை அதன் சொந்தக்காரர்தான் திருத்த வேண்டும். அதனால் வெளி டிரைவர் எப்போதும் சற்றுப் பின்தங்கியே வரும்.

உங்கள் கணினியில் மூன்று இடங்களைப் பாருங்கள். புதிய கெர்னலுக்கான ஹெடர் பொதி (மாட்யூலைக் கட்டத் தேவையான வரையறைக் கோப்புகள்) நிறுவப்பட்டிருக்கிறதா என்பது முதலாவது. அது இல்லாவிட்டால், ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலைத் தானாகக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் கருவி வேலையைத் தொடங்கவே செய்யாது. ஹெடர் இருந்தும் கட்டுமானம் தோற்றால், டிகேஎம்எஸ் விட்டுச்செல்லும் ‘மேக்’ பதிவுக் கோப்பைத் திறந்து முதல் பிழையை மட்டும் படியுங்கள். அறியாத செயற்கூறு, மாறிவிட்ட அளவுருக்கள் போன்ற செய்தி இருந்தால் டிரைவர் அந்தக் கெர்னலுக்கு இன்னும் தயாராகவில்லை என்று பொருள். கட்டுமானம் வெற்றி பெற்றும் ஏற மறுத்தால், அநேகமாக செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு வசதிதான் காரணம். கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் வாசலிலேயே நிறுத்திவிடும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்குமே, அது அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் சாவியைப் பதிவு செய்வதற்காக. அந்தத் திரை சில விநாடிகளே காத்திருக்கும். தேநீர் எடுக்கப் போய்த் திரும்பினால் அது தானாகக் கடந்து போயிருக்கும், சாவி பதிவாகியிருக்காது.

கேள்வி: என்விடியாவின் திறந்த மூல மாட்யூலுக்கு மாறலாமா?

அட்டை டியூரிங் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் தயங்காமல் மாறுங்கள். 2022 மே மாதத்தில் வெளிவந்த அந்த மாட்யூலையே இப்போது என்விடியா பரிந்துரைக்கிறது. பிளாக்வெல் அட்டைகளுக்கு அது ஒன்றே வழி. பாஸ்கல், வோல்டா, அவற்றுக்கு முந்தியவை என்றால் மாற முடியாது. அந்த மாட்யூல் நம்பியிருக்கும் ஜிஎஸ்பி செயலி அந்த அட்டைகளில் இல்லை. மேலே இருக்கும் டிரைவர் நூலகம் இப்போதும் மூடியதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் டெஸ்லா கே80 அட்டைகளும் சில ஜிடிஎக்ஸ் 1080 அட்டைகளும் உள்ளன. இயங்குதளத்தைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். கன்டெய்னருக்குள் பழைய கியூடாவை வைத்துச் சமாளிக்க முடியுமா?

கன்டெய்னரில் தொடங்குகிறேன், ஏனெனில் அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் பொட்டலமாகக் கட்டித் தனியே ஓட்டும் கன்டெய்னர், தனக்குள் கொண்டுவருவது டூல்கிட்டை மட்டுமே. கெர்னல் மாட்யூல், அதை ஓட்டும் புரவலர் கணினியுடையது. டிரைவர் நூலகமும் அங்கிருந்தே உள்ளே இணைக்கப்படுகிறது. ஆகவே மூன்றாம் அடுக்கின் சிக்கலைக் கன்டெய்னர் அழகாகத் தீர்க்கும், முதல் அடுக்கின் சிக்கலை அதனால் தொடக்கூட முடியாது.

கே80 கெப்ளர் தலைமுறை. அதற்கான கடைசி டிரைவர் கிளை 470. கடைசி டூல்கிட் வரிசை கியூடா 11. 12-ஆம் பதிப்பு கெப்ளரை முற்றிலும் கைவிட்டுவிட்டது. அதற்கும் முந்திய ஃபெர்மி அட்டைகள் 390-ஆம் கிளையோடு நின்றுவிட்டன. 470-ஆம் கிளையைப் புத்தம்புதிய கெர்னலில் கட்ட முயல்வது, முந்தைய கேள்வியில் சொன்ன போராட்டத்தை ஒவ்வொரு புதுப்பிப்பிலும் நடத்துவதாகும். இணையத்தில் கிடைக்கும் ஒட்டுத் திருத்தங்களைக் கொண்டு சிலர் அதை ஓட்டுகிறார்கள். ஆய்வு முடிவுகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கே80 கணினிகளை நீண்டகால ஆதரவுள்ள பழைய கெர்னலோடு தனி வலையமைப்பில் வைத்து, ஓய்வு நாளை இப்போதே குறித்துவிடுவது நேர்மையான வழி.

1080 அட்டைகளுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. அவை பாஸ்கல் தலைமுறை. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூன்றுக்கும் 580-ஆம் கிளையே கடைசி. 2025-இல் வந்த கியூடா 13 இவற்றுக்குக் கம்பைல் செய்யாது. 12 வரிசையோடு நிறுத்திக்கொண்டால் இப்போதைய இயங்குதளங்களில் சிரமமின்றி ஓட்டலாம். இரண்டு வகை அட்டைகளையும் ஒரே கணினியில் செருகியிருந்தால் மட்டும் பிரித்துவிடுங்கள். ஒரு கணினியில் ஒரு டிரைவர் கிளைதான் இருக்க முடியும் என்பதால் கே80 மற்றதையும் 470-க்கே இழுத்துவிடும்.

கேள்வி: உபுண்டு 24.04-க்கு மாறினேன். டிரைவர் சரியாக இருக்கிறது, ஆனால் கியூடா 11.8-இல் எதையும் கம்பைல் செய்ய முடியவில்லை.

இது டிரைவர் சிக்கலே இல்லை. அந்த உபுண்டுவின் இயல்பான சி/சி++ கம்பைலர் ஜிசிசி 13, கியூடா 11.8 ஏற்பது ஜிசிசி 11 வரை. ஜிசிசி 11-ஐப் பக்கத்தில் நிறுவி, சிசிபின் தேர்வின் மூலம் என்விசிசிக்கு அதைக் காட்டுங்கள். பதிப்புச் சோதனையைத் தாண்டிப் போகச் சொல்லும் தேர்வு ஒன்றும் உண்டு; அது சோதனையை மட்டுமே அணைக்கும், பொருத்தமின்மையை அல்ல.

கேள்வி: விண்டோஸ் 11-இல் டபிள்யூஎஸ்எல் 2-க்குள் லினக்ஸ் டிரைவரை நிறுவினேன். அதன்பின் அட்டையே தெரியவில்லை.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டித்தரும் டபிள்யூஎஸ்எல்லுக்குள் லினக்ஸ் டிரைவரை நிறுவவே கூடாது. அங்கே டிரைவர் விண்டோஸ் பக்கத்தில் இருக்கிறது. லினக்ஸுக்குள் டிஎக்ஸ்ஜி என்ற மெய்நிகர் சாதனம் வழியாகவே அட்டை தெரிகிறது, அதற்குரிய கியூடா நூலகத்தை விண்டோஸே ‘டபிள்யூஎஸ்எல்/லிப்’ கோப்புறையில் வைத்துத் தருகிறது. நீங்கள் நிறுவிய டிரைவர் தன் நூலகத்தை அதற்கு முன்னால் நிறுத்திவிட்டது. அதை நீக்கிவிட்டு, ‘கியூடா’ என்ற முழுப் பொதிக்குப் பதிலாக ‘கியூடா-டூல்கிட்’ என்ற பொதியை மட்டும் நிறுவுங்கள்; முழுப் பொதி டிரைவரையும் கையோடு இழுத்து வரும்.

விண்டோஸில் திரை காட்டும் அட்டையிலேயே கணக்கிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒரு பணி இரண்டு விநாடிக்கு மேல் அட்டையை விடாமல் பிடித்திருந்தால், அட்டை உறைந்துவிட்டதாகக் கருதி விண்டோஸ் டிரைவரை மீட்டமைத்துவிடும். அது டிரைவர் பிழைபோலத் தோன்றும். பணியைச் சிறு துண்டுகளாக்குவதே முறை.

கேள்வி: ஏஎம்டி ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி வைத்திருக்கிறேன். ராக்எம் நிறுவினால் ‘சாதனம் இல்லை’ என்கிறது.

கியூடாவுக்கு இணையாக ராக்எம்மைத் தரும் ஏஎம்டியின் நிலைமை என்விடியாவுக்கு நேர் எதிரானது. அதன் கெர்னல் டிரைவரான ஏஎம்டிஜிபியு லினக்ஸ் மூலத்திலேயே இருப்பதால் முதல் அடுக்கு அரிதாகவே உடைகிறது. தகராறு மேலடுக்குகளில் நிகழ்கிறது. முதலில் கேஎஃப்டி என்ற சாதனக் கோப்பைத் திறக்க உங்களுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். ரெண்டர், வீடியோ என்னும் பயனர் குழுக்களில் உங்கள் கணக்கைச் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்தால் பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கும் அசையாவிட்டால், உங்கள் அட்டையின் கட்டமைப்பான ஜிஎஃப்எக்ஸ்1031-க்கு நூலகங்கள் கட்டப்படாததே காரணமாக இருக்கும். ‘எச்எஸ்ஏ ஓவர்ரைடு’ சூழல் மாறியில் 10.3.0 என்று கொடுத்தால், அட்டை தன்னை ஜிஎஃப்எக்ஸ்1030 என்று அறிவித்துக்கொள்ளும். கட்டளைத் தொகுதிகள் நெருங்கியவை என்பதால் பலருக்கு இது வேலை செய்கிறது. அதிகாரபூர்வ ஆதரவு இதற்கு இல்லை. ஆகவே விடை தெரிந்த ஒரு கணக்கைச் சிபியுவிலும் அட்டையிலும் ஓட்டி ஒப்பிட்ட பிறகே உண்மையான வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: ஓப்பன்சிஎல் நிரல் புதிய இயங்குதளத்தில் ‘தளங்கள்: 0’ என்கிறது. இன்டெல் ஒருங்கிணைந்த வரைகலைதான் இருக்கிறது.

பல நிறுவனங்களின் அட்டைகளுக்கும் பொதுவான ஓப்பன்சிஎல் நூலகம் தானாக எதையும் கணக்கிடாது. ‘ஓப்பன்சிஎல்/வெண்டர்ஸ்’ கோப்புறையில் இருக்கும் ஐசிடி கோப்புகளைப் படித்து, அவை காட்டும் உண்மையான டிரைவரை அழைக்கும் தரகர் அது. கோப்புறை வெறுமையாக இருந்தால் பூச்சியம்தான் வரும். இன்டெல்லின் கம்ப்யூட் ரன்டைம் பொதியை நிறுவுங்கள். எட்டாம், ஒன்பதாம், பதினொன்றாம் தலைமுறை வரைகலையை 2024-இல் தனி மரபுக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்பதால், பழைய மடிக்கணினி என்றால் அந்த மரபுப் பொதியே வேண்டும். அவசரத்துக்குப் போகல் என்ற பொதி சிபியுவையே ஓப்பன்சிஎல் சாதனமாகக் காட்டும். மெதுவானது, ஆனால் நிரல் சரியா என்று சோதிக்கப் போதும்.

கேள்வி: மேக் கணினியில் கியூடா?

இல்லை. மேக்ஓஎஸ்ஸை ஆதரித்த கடைசிப் பதிப்பு 2019-இல் வந்த 10.2, 2018-இன் மொஹாவேயிலிருந்தே என்விடியாவின் வெப் டிரைவர்கள் வரவில்லை. ஆப்பிள் 2018-இலேயே ஓப்பன்சிஎல்லையும் கைவிடும் பட்டியலில் சேர்த்தது. ஆப்பிளின் சொந்த இடைமுகமான மெட்டலுக்கு மாறுங்கள், அல்லது தொலைவில் ஒரு லினக்ஸ் கணினியில் நுழைந்து வேலை செய்யுங்கள்.

கேள்வி: ஜியான் ஃபை நைட்ஸ் கார்னர் அட்டை ஒன்று இலவசமாகக் கிடைத்தது. இன்றைய லினக்ஸில் ஓடுமா?

இன்டெல்லின் கணிப்பு அட்டைகளான அவற்றுக்குரிய மிக் (MIC) டிரைவர்களை லினக்ஸ் 5.10-இலேயே நீக்கிவிட்டார்கள். இன்டெல்லின் எம்பிஎஸ்எஸ் தொகுப்பு ஓடும் அளவுக்குப் பழைய இயங்குதளத்தைத் தேடி நிறுவினால் உயிர்பெறும். அதற்குமுன் அட்டையில் விசிறி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்; பல மாதிரிகள் சர்வர் பெட்டியின் காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை, சாதாரணப் பெட்டியில் சூடேறியே நின்றுவிடும்.