சுவரோரம் முளைக்கும் கன்றுகள்: கேள்வி பதில்

கேள்வி (திருவல்லிக்கேணி): எங்கள் பழைய வீட்டின் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வெட்டியும் தழைக்கிறது. ஆசிட் ஊற்றலாம் என்கிறார் கொத்தனார், செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஆசிட் சுண்ணாம்பையும் சிமென்டையும் அரித்துவிடும். அதிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்கும். கடற்காற்றின் உப்பு படியும் உங்கள் பகுதியில் அது இரட்டைக் கேடு. கல்லுப்பு கொட்டுவதும் இதே காரணத்தால் தவறு.

அரசு, ஆல், அத்தி ஆகியவற்றின் பழங்களைத் தின்ற பறவைகளின் எச்சத்தோடு விதைகள் சுவர் விரிசலில் விழுகின்றன. தண்டை மட்டும் வெட்டினால், வேரில் சேர்ந்திருக்கும் உணவைக் கொண்டு செடி மீண்டும் துளிர்க்கிறது. இதற்கிடையே வேரோ தடித்து விரிசலை அகலமாக்குகிறது. ஆகவே பூச்சை உளியால் கொத்தி எடுத்து, வேரை முடிந்தவரை நுனிவரை பின்தொடர்ந்து நீக்கி, விரிசலைச் சிமென்ட் கலவையால் அடைத்து மீண்டும் பூசுங்கள். வேர் செங்கற்களுக்கிடையே தடித்துப் பரவியிருந்தால் இழுக்கவே கூடாது, சுவரும் சேர்ந்து வந்துவிடும். அந்நிலையில் கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிட்டு, புதிதாக வெட்டிய அடித்தண்டில் உடனே களைக்கொல்லி தடவச் செய்வது வழி. வெட்டு காய்ந்துவிட்டால் மருந்து உள்ளே இறங்காது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என 2022-இல் மத்திய அரசு வரையறுத்திருப்பதால், நீங்களே வாங்கித் தெளிக்க வேண்டாம்.

கேள்வி (மடிப்பாக்கம்): மதிலோரம் வேம்பும் சவுண்டலும் (சூபாபுல்) கூட்டமாக முளைக்கின்றன. எப்போது பிடுங்குவது?

பதில்: வடகிழக்குப் பருவமழை தொடங்கி மண் நன்கு நனைந்தவுடன் பிடுங்குங்கள். காய்ந்த களிமண்ணில் இழுத்தால் தண்டு ஒடிந்து, வேர் மண்ணிலேயே தங்கிவிடும். விரல் பருமனுக்கு மேற்பட்டவற்றை மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டி, ஆணிவேரோடு எடுக்க வேண்டும். சவுண்டலைக் காய் முற்றுமுன் அகற்றுவது முக்கியம். அதன் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், ஒருமுறை பிடுங்கியதோடு வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள்.

கேள்வி (அண்ணா நகர்): மழைநீர் சேகரிப்புக் குழியில் முளைப்பவற்றை விட்டுவைக்கலாமா?

பதில்: கூடாது. 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட அந்த அமைப்பு, வேர் புகுந்தால் பயனற்றுப் போகும். மழைக்கு முன் மேல் ஜல்லியை அள்ளிக் கழுவிப் போடும்போதே கன்றுகளையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): அரசங்கன்றைக் கொல்ல மனம் வரவில்லை.

பதில்: தங்கள் தயக்கம் மதிக்கத்தக்கது, ஐயா. இளங்கன்றாக இருந்தால், வேர் அறாமல் எடுத்து, இலைகளிற் பாதியைக் கிள்ளிவிட்டு, தொட்டியில் நிழலில் வையுங்கள். புதுத்தளிர் விட்ட பின், உரியவர்களின் அனுமதியோடு கட்டடங்களிலிருந்து நன்றாகத் தள்ளியுள்ள கோயில் வளாகத்திலோ ஏரிக்கரையிலோ நடலாம்.

கேள்வி (மயிலாப்பூர்): மதிலுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரத்தின் வேர் உள்ளே வருகிறது. வெட்டலாமா?

பதில்: தெருமரம் மாநகராட்சியின் பொறுப்பு, அனுமதியின்றிக் கை வைக்காதீர்கள். மரத்தருகே பெரிய வேரை வெட்டினால் அது புயற்காற்றில் சாயக்கூடும். 1913 எண்ணிலோ மண்டல அலுவலகத்திலோ படங்களோடு முறையிடுங்கள்.