கனடா எரிசக்திப் பங்குகளை ஈடிஎஃப் வழியாக வாங்குவது நல்லதா?

டொராண்டோவில் வேலை பார்க்கிறீர்கள், டிஎஃப்எஸ்ஏ கணக்கில் (லாபத்துக்கு வரி இல்லாத கனடாச் சேமிப்புக் கணக்கு) எக்ஸ்இஜி என்ற எரிசக்தி ஈடிஎஃப்பை வாங்க நினைக்கிறீர்கள், அந்தப் பணம் மூன்று வருடம் கழித்து வீட்டு முன்பணத்துக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஈடிஎஃப் என்பது பல பங்குகளை ஒரே கட்டாக வைத்து, சந்தையில் ஒரு பங்கைப் போலவே வாங்கி விற்கப்படும் நிதி. முதலில் அந்த ஈடிஎஃப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஐஷேர்ஸின் எக்ஸ்இஜி 2001 முதல் டொராண்டோ சந்தையில் இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு 25 சதவீதம்தான் என்று உச்சவரம்பு உண்டு. அப்படியிருந்தும் கனேடியன் நேச்சுரல், சன்கோர், செனோவஸ் மூன்றும் சேர்ந்தால் பாதியைத் தாண்டிவிடும். மூன்றுக்கும் பெரும்பாலும் பிழைப்பு ஆல்பர்ட்டா மாகாணத்தின் எண்ணெய் மணல், அதாவது கெட்டியான எண்ணெய் கலந்த மணல். பல பங்குகள் இருந்தாலும் நீங்கள் பணம் கட்டுவது பெரும்பாலும் ஒரே விஷயத்தின் மேல்தான்: கச்சா எண்ணெய் விலை.

என்பிரிட்ஜும் டிசி எனர்ஜியும் இதில் கிடையாது. அவை குழாய்வழி நிறுவனங்கள். எண்ணெயையும் எரிவாயுவையும் கொண்டுசேர்க்கக் கட்டணம் வாங்குபவை, விலை ஏறி இறங்குவது அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது. 2020 ஏப்ரலில் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை (பின்னொரு தேதியில் தருவதற்கு இப்போதே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே போனது நினைவிருக்கும். அந்த வசந்தத்தில் சன்கோர் டிவிடெண்டை (பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கை) 55 சதவீதம் வெட்டியது, என்பிரிட்ஜ் வெட்டவில்லை. இரண்டு வகையும் கலந்து வேண்டுமென்றால் பிஎம்ஓ வங்கியின் ஜெட்இஓ என்ற ஈடிஎஃப்பைப் பாருங்கள். அதில் எல்லா நிறுவனத்துக்கும் ஏறக்குறைய சம எடை.

கனடாவுக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. ஆல்பர்ட்டாவின் கனரக எண்ணெய் அமெரிக்க எண்ணெயைவிட எப்போதும் மலிவாகத்தான் போகும். 2018 கடைசியில் அந்த இடைவெளி பீப்பாய்க்கு 40 டாலரையும் தாண்டியது. வெளியே அனுப்பப் போதுமான குழாய் இல்லை, மாகாண அரசே 2019 ஜனவரி முதல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. 2024 மே மாதம் டிரான்ஸ் மவுண்டன் குழாயின் விரிவாக்கம் ஓடத் தொடங்கியதும், மேற்குக் கடற்கரைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 8,90,000 பீப்பாய் அனுப்ப வழி பிறந்தது. இடைவெளியும் சுருங்கியது. இந்தத் துறையில் பணம் போடுபவர் உலக விலையோடு இந்த இடைவெளியையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கட்டணம் எக்ஸ்இஜிக்கு வருடத்துக்குச் சுமார் 0.6 சதவீதம். மொத்தக் கனடாச் சந்தையையும் வைத்திருக்கும் எக்ஸ்ஐசி ஈடிஎஃப்புக்கு அந்தக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான், எக்ஸ்ஐசியின் பங்குகளிலேயே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு எரிசக்தி. எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது. தனியாக எரிசக்தி ஈடிஎஃப் வைத்தாலும் மொத்த முதலீட்டில் 5 சதவீதத்துக்கு மேல் நான் போவதில்லை.

அப்புறம் டிஎஃப்எஸ்ஏ. உள்ளே லாபம் வந்தால் வரி இல்லை, சரி. நஷ்டம் வந்தால் அதை வரிக்கணக்கில் காட்டிக் கழிக்க முடியாது, கரைந்த தொகை அளவுக்குக் கணக்கில் பணம் போடும் வரம்பும் திரும்பக் கிடைக்காது. அதனால் முன்பணத்துக்கு வைத்திருக்கும் காசை எக்ஸ்இஜியில் போடாதீர்கள். அதே டிஎஃப்எஸ்ஏவுக்குள் ஜிஐசி (அசலுக்கு உத்தரவாதம் உள்ள வைப்பு) வாங்கி வையுங்கள். பத்து வருடம் தொடாத பணம் வேறு இருந்தால், அதிலிருந்து கொஞ்சம் எரிசக்திக்குப் போகட்டும்.