நர்ஸிங் படிக்கும் பெண், மோசடிப் புலனாய்வு வேலை: ஒரு தாய்க்குச் சில வார்த்தைகள்

போன சனிக்கிழமை போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. “நாலு வருஷம் நர்ஸிங் படிக்க வைப்பது, இவள் இடுப்பில் துப்பாக்கி கட்டிக்கொண்டு அலையவா?” அவள் போக நினைப்பது, அமெரிக்காவில் மருத்துவ பில் மோசடிகளைத் துப்பறியும் அரசு வேலைக்கு. பக்கத்தில் உங்கள் மகள் ஒன்றும் பேசாமல் இருந்தாள். அவசரத்தில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடமும் கொடுங்கள்.

முதலில் துப்பாக்கியை முடித்துவிடுவோம். எஃப்.பி.ஐ. ஸ்பெஷல் ஏஜென்ட் ஆனாலும், அமெரிக்க சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்தில் (அந்தத் துறையின் திட்டங்களில் நடக்கும் மோசடியைக் கண்காணிக்கும் பிரிவு) ஸ்பெஷல் ஏஜென்ட் ஆனாலும் துப்பாக்கி உண்டு, அதற்கான பயிற்சியும் உண்டு. கோர்ட் வாரன்ட்டோடு விடியற்காலையில் ஒரு கிளினிக் கதவைத் தட்டும் நாள்களும் வரும். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட நாள்கள் குறைவு. மற்ற நாளெல்லாம் பில், வங்கிக் கணக்கு, நோயாளிகளின் கோப்பு, அப்புறம் ஆட்களோடு பேச்சு. எண்பது வயதுப் பாட்டியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, “உங்கள் பெயரில் பில் போட்டிருக்கும் இந்த முழங்கால் பட்டை உங்களுக்கு வந்ததா, நீங்கள் கேட்டீர்களா?” என்று பொறுமையாக விசாரிப்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி.

அவள் என்னிடம் வந்திருந்தபோது பயிற்சிக்காக நான் கொடுத்த மாதிரி பில் தாளைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால், அந்தச் சந்திப்பு ஓர் ஐந்து இலக்க எண்ணாக இன்ஷூரன்ஸுக்குப் போகிறது. பழைய நோயாளி, கொஞ்சம் சாதாரணமான பிரச்சினை என்றால் 99213. மிகவும் சிக்கலானது என்றால் 99215, அதற்குப் பணமும் அதிகம். நேரத்தை வைத்து பில் போட்டால் 99215-க்குக் குறைந்தது 40 நிமிடம் செலவழித்திருக்க வேண்டும். என் தாளில் இருந்த டாக்டர், ஒரே நாளில் 60 பேருக்கு 99215 போட்டிருந்தார். 60 பேர், ஆளுக்கு 40 நிமிடம். மொத்தம் 40 மணி நேரம்! ஆள் மாட்டிக்கொண்டார் என்று யாருக்கும் தோன்றும்.

அதோடு நிறுத்தினால் வழக்கு தோற்றுப்போகும். 2021 முதல் அந்த எண்ணை நேரத்தை வைத்தும் போடலாம், டாக்டர் எடுக்க வேண்டியிருந்த முடிவின் சிக்கலை வைத்தும் போடலாம். “எங்கள் கட்சிக்காரர் நேரக் கணக்கில் போடவில்லை” என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார். ஆகவே நோயாளிகளின் கோப்பைத் திறந்தாக வேண்டும். அந்தக் கோப்புகளில் ஒன்றில், சர்க்கரை நோயால் வலது காலை எடுத்துவிட்ட ஒருவருக்கு “இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு சீராக உள்ளது” என்று எழுதியிருந்தது. அடுத்த நோயாளிக்கும் அதே வரி, அதற்கடுத்தவருக்கும் அதே வரி. ஒரு குறிப்பை எழுதி, எல்லோருக்கும் ஒட்டியிருக்கிறார்கள். அதே பயிற்சியைச் செய்த, கணக்கியல் படித்த மாணவர்கள் இருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் மகள் அங்கே நின்று, “எந்தப் பாதத்தில் தொட்டுப் பார்த்தாராம்?” என்று கேட்டாள். உங்கள் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான். நர்ஸிங் படிப்பு வீணாகவில்லை. இந்த வேலைக்கு அவள் கொண்டுபோகிற மூலதனமே அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிச்சிகனில் ஃபரீத் ஃபாட்டா என்ற புற்றுநோய் மருத்துவர் இருந்தார். தேவையே இல்லாதவர்களுக்கும் கீமோதெரபி ஏற்றினார், அவர்களில் சிலருக்குப் புற்றுநோயே கிடையாது. 2010-இல் ஒரு நர்ஸ் அங்கே வேலை கேட்டுப் போயிருந்தார். மருந்து ஏற்றும் முறையைப் பார்த்தவர் அன்றே திரும்பி வந்து மாநில அரசுக்குப் புகார் எழுதினார். தவறு எதுவும் இல்லையென்று பதில் வந்தது. 2013-இல் அதே மருத்துவமனையின் மேலாளர் ஒருவர் மூலம் விஷயம் மத்திய அரசு வரை போன பிறகுதான் கைது. 2015-இல் 45 ஆண்டுச் சிறை விதித்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 553 பேர் என்பது வழக்கின் கணக்கு. அந்த நர்ஸின் கண்ணுக்கு உடனே பட்டது, புகாரைக் கையில் வாங்கியவருக்குப் படவில்லை. அந்த இருக்கையில் அவரைப் போன்ற ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

சரி, எங்கே வேலை, எப்படிப் போவது? எஃப்.பி.ஐ. உங்களுக்குத் தெரியும். அரசுக் காப்பீடு, தனியார் காப்பீடு இரண்டிலும் நடக்கும் மோசடியை அது விசாரிக்கிறது. இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 1976 முதல் இருக்கிறது, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும், வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டும் அதன் கண்காணிப்பில் வரும். மூன்றாவதாக ஒன்று உண்டு, யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் மெடிகெய்டு மோசடித் தடுப்புப் பிரிவு இருக்கிறது, பெரும்பாலும் அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர், அலுவலகத்தின் கீழ். வக்கீல், தணிக்கையாளர், புலனாய்வாளர் மூவரும் ஒரே அணியாக வேலை செய்வார்கள். முதியோர் இல்லங்களில் நோயாளிகளை அடிப்பது, கவனிக்காமல் விடுவது போன்ற வழக்குகளும் இவர்களிடம்தான் வரும். சில மாநிலங்களில் இவர்களுக்குத் துப்பாக்கி உண்டு, சில மாநிலங்களில் கிடையாது. உங்கள் மகளுக்கு முதல் படியாக நான் சொல்வது இந்த இடத்தைத்தான்.

கிரிமினாலஜியில் (குற்றவியல்) இரண்டாம் பட்டம் வேண்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம். புலனாய்வு எப்படிச் செய்வது என்று வேலையில் சேர்ந்ததும் அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். எஃப்.பி.ஐ.க்கு குவான்டிகோவில் பயிற்சி, இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஏஜென்ட்டுகளுக்கு ஜார்ஜியா மாநிலத்தின் கிளின்கோவில் பயிற்சி. வார்டில் நின்று கற்றுக்கொள்வதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. படிப்பை முடித்து, லைசென்ஸ் வாங்கி, இரண்டு வருஷமாவது வார்டில் வேலை பார்க்கட்டும். அந்தச் சமயத்திலேயே, சிகிச்சையை பில்லுக்கான எண்ணாக மாற்றும் மெடிக்கல் கோடிங்கில் சான்றிதழ் ஒன்று, கணக்கியலில் இரண்டு மூன்று பாடம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிலும் மோசடியைத் தேட தனிப் பிரிவுகள் உண்டு, நர்ஸ்களை விரும்பி எடுக்கிறார்கள். அங்கே சில காலம் இருந்துவிட்டு அரசுப் பக்கம் வருபவர்களும் இருக்கிறார்கள்.

டேட்டா பக்கமும் கொஞ்சம் பழகட்டும். 2025 ஜூனில் நாடு முழுக்க ஒரே நடவடிக்கையில் 324 பேர் மீது வழக்குப் போட்டார்கள், அதில் 96 பேர் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் என லைசென்ஸ் வைத்திருப்பவர்கள். சொல்லப்பட்ட மோசடித் தொகை 1,460 கோடி டாலர். அதில் பெரும் பங்கு, திருடிய அடையாளங்களை வைத்துச் சிறுநீர் வடிக்கும் குழாய்களுக்கு (கதீட்டர்) போட்ட பொய் பில்கள். அந்த அளவு பில்லை ஒவ்வொன்றாகப் புரட்டி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வயதுக் கணக்கை மறக்காதீர்கள். எஃப்.பி.ஐ.யில் 23 வயதுக்கு முன் சேர முடியாது, பட்டத்தோடு முழுநேர வேலை அனுபவமும் கேட்பார்கள். மறுபக்கம், மத்திய அரசின் ஏஜென்ட் வேலைகளுக்குப் பொதுவாக 37 வயது ஆவதற்குள் நியமனம் ஆகிவிட வேண்டும். ஓய்வு 57-இல். குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு போதாது. அவள் இங்கேயே பிறந்தவள், அந்தக் கவலை இல்லை. சம்பளம் நர்ஸ் சம்பளத்தைவிட ஆரம்பத்தில் குறைவாகத் தெரியலாம். ஆனால் ஏஜென்ட்டுகளுக்கு எந்நேரமும் தயாராக இருப்பதற்காக அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதம் கூடுதலாக உண்டு.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு சங்கடம் இருக்கிறது. உங்கள் வட்டத்தில் டாக்டர் குடும்பங்கள் நிறைய. தெரிந்தவர் வழக்கு வந்தால் அவள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அதை மேலதிகாரியிடமும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் உங்களிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. “உங்கள் பெண் எங்களையெல்லாம் பிடிக்கப் போகிறாளாமே” என்று விருந்தில் யாராவது சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தச் சிரிப்பு எல்லா நேரமும் வேடிக்கையாக இருக்காது. வழக்குகள் வருஷக்கணக்கில் இழுக்கும், பாதி வழியில் கைவிடுவதும் நடக்கும். இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். முகம் வாடவில்லை. கொஞ்சம் வாடியிருந்தால் எனக்கு இன்னும் நம்பிக்கை வந்திருக்கும், அது வேறு விஷயம்.

இப்போதைக்கு வேலை ஒன்று. சீனியர் மெடிகேர் பேட்ரோல் என்று ஒரு தன்னார்வத் திட்டம் நடக்கிறது. முதியவர்கள் தங்களுக்கு வரும் மெடிகேர் கணக்குத் தாளைப் படித்து, வாங்காத பொருளுக்கு பில் வந்திருக்கிறதா என்று பார்க்க உதவுவார்கள். கோடை விடுமுறையில் அவள் அங்கே போகட்டும். பத்துத் தாளைப் படித்ததும் அலுத்துவிட்டால் நல்லது, நர்ஸாகவே இருக்கட்டும். அலுக்காவிட்டால் நாம் மறுபடி பேசுவோம்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள் அம்மா. மத்திய அரசின் ஏஜென்ட் வேலையில் சேரும் முன் நடக்கும் பின்னணி விசாரணைக்கு ஒரு நீளமான படிவம் உண்டு. கடந்த 10 ஆண்டில் குடியிருந்த முகவரிகள், 7 ஆண்டில் போன வெளிநாட்டுப் பயணங்கள், வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்பார்கள். ஊரில் தாத்தா பாட்டி இருப்பது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் குற்றம். போதைப் பொருள் கேள்வியும் இருக்கும், கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி சரி என்பதெல்லாம் மத்திய அரசிடம் எடுபடாது. அவளுடைய பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊருக்குப் போய் வந்த தேதிகளை ஒரு நோட்டில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.